‘ச’ தட்டில் ஒரு படம்

ஜூன் 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே நானும் மாமாவும் உன் வாண்டும் சுகம். உன் இருமல் குறைந்ததா, சாப்பாடு இறங்குகிறதா, எடை ஏறியதா என்று ஒன்று விடாமல் எழுது. “பரவாயில்லை” என்று மட்டும் எழுதி என்னை ஏமாற்றாதே. உன் பரவாயில்லையை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும்.

வாண்டு வந்து பத்து நாள் ஆகிவிட்டது. முதல் இரண்டு நாள் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இது சரிப்படாது என்று மூன்றாம் நாள் என் வகுப்புக்கே கூட்டிப் போய்விட்டேன். நாலு வயசு முடியாத இருபது வால் இல்லாத குரங்குகள் இருக்கிற இடம், அழ நேரம் ஏது? இப்போது காலையில் எனக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

நான் என்ன சொல்லிக்கொடுக்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது படுத்துக்கொண்டுதானே இருக்கிறாய், கேள். இந்த வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்து எழுதக் கற்றுக்கொடுப்பது இல்லை. ஒரு சொல்லின் முதல் சத்தம் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். ஒரு செருப்புப் பெட்டி நிறைய சாமான். முன்னால் வரிசையாகத் தட்டுகள், தட்டுக்கு ஒரு சத்தம். பிள்ளை வந்து பந்தை எடுத்து “பந்து... ப” என்று சொல்லி ‘ப’ தட்டில் போட வேண்டும். சரியாகப் போட்டால் புறங்கையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவேன், எல்லோரும் கை தட்டுவார்கள். வாரம் ஒரு சத்தம். அந்த வாரத்துச் சத்தத்துக்கு வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவர வேண்டும். ஒரு பயல் ‘ந’ சத்தத்துக்கு நாக்கைக் கொண்டுவந்தேன் என்று நீட்டிக்கொண்டு நின்றான். அதை நான் எந்தத் தட்டில் வைப்பேன் சொல்லு.

ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒரு பொருளைப் பிள்ளை தன் வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறதோ, அதுதான் அதன் பேர். ஒருத்தி தொப்பி என்பாள், ஒருத்தி குல்லா என்பாள், இரண்டும் சரி. டீச்சர் சத்தத்தைத் திருத்தலாம், பேரைத் திருத்தக் கூடாது. பத்து வருஷமாக நான் இந்தச் சட்டத்தை மீறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினாயே, அந்த ஐந்து நிமிஷத்துக்கு அன்று பூராவும் அழுதாள். யோசித்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

*

ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பரவாயில்லை. திட்டாதே, விவரமாகவே எழுதுகிறேன். ஒன்பதாம் கட்டில், ஜன்னல் ஓரம். திங்கட்கிழமை தோறும் எடை பார்க்கிறார்கள். போன வாரம் முந்நூறு கிராம் ஏறியிருந்தது, நர்ஸ் அதை ஏதோ பரிசு கிடைத்த மாதிரி வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். மாத்திரை மட்டும் ஒரு வேளைக்குப் பதினொன்று. அதை விழுங்கின பிறகு சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் இல்லை. ஒரு வருஷம் என்கிறார்கள். ஒட்டிக்கொள்ளும் நோய் என்பதால் அவளை இங்கே கூட்டி வரவும் முடியாது.

அவளை நீ வைத்திருப்பதால்தான் நான் இங்கே படுத்துக் கிடக்க முடிகிறது. அவள் அப்பா போன இடம் தெரியாது, எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உன் சட்டம் எனக்குப் பிடித்துவிட்டது. அப்படியானால் ஒன்று சொல்கிறேன், அவள் தலையணையை “மெத்து” என்பாள். அவளே வைத்த பேர். அது ‘ம’ தட்டுக்குப் போக வேண்டும், சரிதானே?

இத்துடன் என் படம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். நோய் வருவதற்கு முன் எடுத்தது, கன்னம் இருக்கும். ‘அ’ வாரம் வரும்போது அவள் அதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைக்கட்டும். “அம்மா... அ” என்று சொல்லட்டும். சின்னப் பிள்ளை அக்கா, முகம் மறந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. தினமும் ஒரு தடவை என்னைப் பற்றி அவளிடம் பேசு. உனக்கு நான் வேறு எந்த வேலையும் வைக்கவில்லை.

மாமாவுக்கு என் வணக்கம். வாண்டுக்கு ஆயிரம் முத்தம், நீயே கொடுத்துவிடு.
உன் தங்கச்சி

*

ஜூலை 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். எடை ஏறியது நல்ல செய்தி.

பதில் தாமதம், பள்ளிக்கூடத்தில் வேலை தலைக்கு மேல். மெத்து ‘ம’ தட்டுக்குப் போயிற்று. இருபது பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் முதல் அவள் அதைத் தலையணை என்று சொல்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளைக்குப் பிள்ளைதான் வாத்தியார்.

படம் வந்தது. ‘அ’ வாரம் இன்னும் வரவில்லை. உதட்டில் தெரிகிற சத்தங்களை முதலில் எடுப்போம். கண்ணாடியைக் கையில் கொடுத்து “உதடு ஒட்டுதா பாரு” என்றால் ‘ப’வும் ‘ம’வும் சுலபம். ‘அ’வுக்கு வாயைத் திறந்தால் போதும், அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

போன் இனி வேண்டாம். போன ஞாயிறு நான் எடுக்காமல் விட்டேன், நீயும் புரிந்துகொண்டிருப்பாய். அவள் அன்று நன்றாகச் சாப்பிட்டாள். கடிதம் எழுது, நான் வாசித்துக் காட்டுகிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மூன்று பேரும் சுகம் என்று நம்புகிறேன். நான் சுகம், இரண்டு கிலோ ஏறிவிட்டது. இந்த மாதத்தில் இது என் மூன்றாவது கடிதம், முதல் இரண்டும் வந்ததா?

அவள் என்ன சொன்னாள் என்று எழுது அக்கா. என் கடிதத்தை வாசிக்கும்போது எங்கே உட்கார்ந்திருந்தாள், உன் மடியிலா, தரையிலா? நான் வரைந்து அனுப்பிய பூனையைப் பார்த்துச் சிரித்தாளா? பக்கத்துக் கட்டில்காரி பார்த்துவிட்டு “இது பூனையா, பூசணிக்காயா” என்றாள். வாண்டு இருந்தால் அதையே நாள் பூராவும் சொல்லிக்கொண்டு திரிவாள்.

போன் விஷயத்தில் நீ சொன்னால் சரி. உனக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஐந்து நிமிஷத்துக்காக ஆபீஸ் போன் வரிசையில் போய் நிற்கிறேன். என் முறை வந்ததும் பின்னால் இருப்பவளுக்கு விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

‘அ’ வாரம் வந்ததா?

உன் தங்கச்சி

*

செப்டம்பர் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். உன் கடிதங்கள் எல்லாம் வந்தன.

அவளுக்கு நாலு நாள் காய்ச்சல். உன்னிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று எழுதவில்லை. நான் லீவு போட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். நெற்றியில் ஈரத் துணி, இரண்டு மணிக்கு ஒரு தடவை மருந்து, வாந்தி எடுத்த பாயைக் கழுவியது எல்லாம் நான்தான். இப்போது ஓடுகிறாள்.

இன்னொரு விஷயம். என்னை அவள் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் கேட்டைப் பார்த்து “அம்மா” என்று ஓடும். இவள் ஒருத்தி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காய்ச்சல் விட்ட மறுநாள் இவளும் கேட் வரை ஓடினாள், திரும்பி நின்றாள், என்னைப் பார்த்து “அம்மா” என்று ஓடி வந்தாள்.

நான் திருத்தவில்லை. எங்கள் சட்டம் உனக்குத் தெரியுமே.

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை இப்போது அப்பா என்கிறாள்.

மாத்திரையைத் தவறாமல் போடு.
அக்கா

*

செப்டம்பர் 18

அக்கா,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தேன். குழந்தைதானே, கேட்டில் நின்று எல்லாரும் கத்துவதைப் பார்த்துத் தானும் கத்தியிருக்கிறாள் என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

காய்ச்சலில் நீ பட்ட பாட்டுக்கு உன் காலில் விழுகிறேன். ஆனால் இதை மட்டும் திருத்திவிடு அக்கா. தொப்பியும் குல்லாவும் வேறு. “நான் உன் பெரியம்மா, உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், வந்துவிடுவாள்” என்று ஒரே ஒரு தடவை சொல்லு. என் படத்தைக் காட்டிச் சொல்லு. அவளுக்கு உடனே புரியும், கெட்டிக்காரி.

நான் இங்கே பதினொரு மாத்திரையை விழுங்குவது வேறு எதற்காக என்று நினைக்கிறாய்? அவள் என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும், நான் “என்னம்மா” என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் அக்கா என் ஆசை.

உன் தங்கச்சி

*

அக்டோபர் 15

வாண்டோட அம்மாவுக்கு, பள்ளிக்கூடத்து ஆயா எழுதறது.

நீங்க நல்லா இருக்கணும். நான் இந்தப் பள்ளிக்கூடத்துல பெருக்கித் துடைச்சு, பிள்ளைங்களுக்குக் கை கால் கழுவி விடற ஆள். உங்களை நான் பாத்ததில்ல, படத்துலதான் பாத்திருக்கேன். உங்க கடிதத்து உறையிலேர்ந்து விலாசம் எடுத்தேன். ரெண்டு மாசமா நீங்க அனுப்பற கடிதம் எல்லாம் பிரிக்காமலே டீச்சர் மேசை டிராயர்ல கிடக்குது.

போன வாரம் டீச்சர் உங்க படத்தைப் பெட்டியில போட்டாங்க. வாண்டைக் கூப்பிட்டு “இது யாரு?” ன்னாங்க. பிள்ளை பாத்த உடனே “அம்மா” ன்னுச்சு. ‘அ’ தட்டுல போடப் போச்சு. டீச்சர் கையைப் பிடிச்சுட்டாங்க. “நல்லா பாரு. அம்மா இங்கதானே நிக்கிறேன். இது என் தங்கச்சி. அம்மாவோட தங்கச்சி யாரு? சித்தி. சித்திக்கு என்ன சத்தம்?”

நான் இத்தனை வருஷமா பாக்கறேன், டீச்சர் எந்தப் பிள்ளைக்கும் பேரைத் திருத்தினது கிடையாது. அன்னைக்குத் திருத்துனாங்க.

பிள்ளை விடல. மறுபடியும் ‘அ’ தட்டுலதான் போட்டுச்சு. நட்சத்திரம் கிடைக்கல. கை தட்டக் கூடாதுன்னு மத்த பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டாங்க. ஓரத்துல தனிப் பாயில உக்கார வெச்சாங்க. அடிக்கல, திட்டல, சிரிச்ச முகமாத்தான் சொன்னாங்க. நாலு நாள் இப்படியே நடந்துச்சு. நாலு நாளும் அந்தப் பாயில அது தனியாத்தான் உக்காந்துச்சு. அஞ்சாம் நாள் தானாவே படத்தை எடுத்து “சித்தி... ச” ன்னு சொல்லி ‘ச’ தட்டுல வெச்சுச்சு. எல்லாப் பிள்ளைங்களும் கை தட்டுச்சுங்க. டீச்சர் ரெண்டு கையிலயும் நட்சத்திரம் ஒட்டி விட்டாங்க. பிள்ளை அதை யாரையும் தொட விடல, கை கழுவ மாட்டேன்னு ஒரே அடம்.

எனக்கு மனசு கேக்கல, எழுதிட்டேன். என் பேரை வெளியில விட்டுடாதீங்கம்மா. இந்த வேலைதான் எனக்குச் சோறு.

சீக்கிரம் குணமாகி வாங்க.
ஆயா

*

அக்டோபர் 21

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு மனசு இல்லை.

என் படத்தை எந்தத் தட்டில் வைத்தாய்? உன் பள்ளிக்கூடத்து ஆயா எல்லாம் எழுதிவிட்டாள். தனிப் பாய், நாலு நாள், எல்லாம் தெரியும். என் கடிதங்கள் உன் மேசை டிராயரில் பிரிக்காமல் கிடப்பதும் தெரியும். நாலு வயசுப் பிள்ளையின் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்க உனக்கு எப்படி அக்கா கை வந்தது?

டாக்டரிடம் அழுது புரண்டு ஒரு நாள் அனுமதி வாங்கியிருக்கிறேன். சளிப் பரிசோதனை சுத்தமாக வந்திருக்கிறது, முகமூடி போட்டுக்கொண்டு போகலாம் என்றார்கள். நவம்பர் 8, வெள்ளிக்கிழமை, உன் வகுப்புக்கே வருகிறேன். அவள் என்னைப் பார்த்தால் போதும். படம் வேறு, ஆள் வேறு. பெற்றவளைப் பிள்ளைக்குத் தெரியாதா?

நீ தடுத்தாலும் வருவேன்.

*

நவம்பர் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். பிரயாணம் செய்து திரும்பியதில் உனக்கு மறுபடி சளி கட்டியிருக்கிறது என்று வார்டு நர்ஸ் போனில் சொன்னாள். நான்தான் விசாரித்தேன். வராதே என்று யாராவது சொன்னால் நீ கேட்கிற ஆளா?

நான் உன்னைத் தடுக்கவில்லை. வகுப்புக் கதவை நானே திறந்துவிட்டேன். பிறகு நீ ஊரில் போய் வேறு மாதிரி சொல்லக் கூடாது என்பதற்காக நடந்ததை எழுதி வைக்கிறேன்.

நீ வாசலில் நின்றாய். முகமூடியைக் கீழே இறக்கினாய். அவள் உன்னைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். கண் விரிந்தது. பெட்டிக்கு ஓடிப் படத்தை எடுத்து, உன் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். “ச... சித்தி!” என்று கத்திவிட்டு, புறங்கையை நீட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். இருபது பிள்ளைகளும் கை தட்டினார்கள்.

நீயும் கை தட்டினாய். அவள் திரும்பி உன் முகத்தைப் பார்த்தாள், சரியா என்று கேட்கிற மாதிரி. நீ தலையை ஆட்டிக் கை தட்டினாய். நான் உன்னைத் தட்டச் சொல்லவில்லை.

ஆயாவை அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். டீச்சரின் கடிதத்திலிருந்து விலாசம் திருடுகிறவளைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ள முடியாது. தன் பேரை எழுத வேண்டாம் என்று உன்னிடம் அவள் கெஞ்சியிருப்பாள், எனக்கு அவளைத் தெரியும். அவளைக் காட்டிக்கொடுத்தது நீ.

எப்படிக் கை வந்தது என்று கேட்டாய். நாலரை வருஷத்துக்கு முன் என் குழந்தை பிறந்த இரண்டாம் நாள் போனபோது நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய். பால் கட்டி நெஞ்சு வெடிக்கிற மாதிரி வலியோடு உட்கார்ந்திருந்தேன். என் தோளைத் தட்டி, “உனக்கு என்னக்கா, வகுப்பு நிறையப் பிள்ளைங்க இருக்கே” என்றாய். சொல்லிவிட்டு நீ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாய். உனக்கு அது ஞாபகம்கூட இருக்காது. வகுப்பு நிறையப் பிள்ளைகளில் ஒருத்தியை நான் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

உன்னிடம் அவளைக் காட்டவே மாட்டேன் என்று சொல்லவில்லை. நான் அவ்வளவு கெட்டவள் இல்லை. உன் கடிதத்தை வாசித்துக் காட்டுகிறேன், பதிலுக்கு அவள் சொல்வதை எழுதி அனுப்புகிறேன். அம்மா என்று கையெழுத்துப் போட்டு வருகிற கடிதம் டிராயருக்குப் போகும், அவளைக் குழப்ப எனக்கு இஷ்டம் இல்லை. வேறு மாதிரி கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வாசிப்பேன். நீ குணமாகி வந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். எப்படி வருவது என்று உனக்குத் தெரியும்.

உடம்பைக் கவனி.
அக்கா

*

டிசம்பர் 2

அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் நுரையீரலில் மறுபடியும் புள்ளி இருக்கிறதாம். இன்னும் எட்டு மாதம் என்கிறார்கள். எட்டு மாதமும் அவள் குரலோ அவள் சொன்ன ஒரு வார்த்தையோ இல்லாமல் என்னால் இருக்க முடியாது.

அன்று ஆஸ்பத்திரியில் நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்த உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அப்போது எனக்கு மூன்று மாதம், வாந்தி, வெயில், நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன். ஆயாவுக்கு எழுதிய கடிதம் அவள் அங்கே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

நான் கை தட்டியது ஏன் என்று எழுதுகிறேன். தட்டாமல் இருந்தால் அவள் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்திருப்பாள். மறுபடி அந்தப் பாயில் போய் உட்கார்ந்திருப்பாள்.

கீழே இருப்பதை அவளுக்கு வாசித்துக் காட்டு. ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் வாசி.



செல்ல வாண்டுக்கு,

நீ நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன். எங்க ஜன்னல்ல தினமும் ஒரு காக்கா வந்து உக்காருது. அதுக்கு என்ன சத்தம்னு உனக்குத் தெரியும், நீ கெட்டிக்காரி. உன் வகுப்புக்கு வந்தப்போ நீ எவ்வளவு சரியா சொன்னே. உன்கிட்ட ஒரு தலையணை இருக்காமே, அது ‘த’ தட்டுக்குத்தானே போகும்?

ரெண்டு கையிலயும் நட்சத்திரம் வாங்கு. காய்ச்சல் வந்தா மருந்தைத் துப்பாம குடி. உங்க அம்மா சொல்றதைக் கேட்டு நட. எனக்கு உடம்பு சரியானதும் ஒரு ஞாயித்துக்கிழமை உன்னைப் பாக்க வருவேன். என்னை ஞாபகம் வெச்சுக்கோ.

இப்படிக்கு,
சித்தி